டீசி இல்லாமல் அனுப்பிய சரக்கு

திருப்பூரில் ஒரு மூட்டை நூல்கூட டீசி இல்லாமல் கம்பெனி வாசலைத் தாண்டாது. டெலிவரி சலானைத்தான் அங்கே எல்லோரும் டீசி என்பார்கள். துணி பின்னும் நிட்டிங்குக்குப் போகும் நூலுக்கு ஒன்று, அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகும் துணிக்கு ஒன்று, துணியைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் போக ஒன்று, பிரிண்டிங் போக இன்னொன்று. ஒவ்வொன்றும் மூன்று பிரதி: சரக்கை வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்புகிறவர் கையில் வைத்துக்கொள்ள. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த கட்டடத்தில் கம்பெனி நடத்தினாலும் டீசி போட்டு, எடை எழுதி, கையெழுத்து வாங்கித்தான் சரக்கு போகும். அந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, டீசி போடும் மென்பொருளை நான் எழுதிக் கொடுத்தேன். பத்து மாத வேலை. அந்த வேலைக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. பணத்துக்காக அதற்குப் பிறகு ஒரு வருடம் அலைந்தேன். யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்று அப்போது பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் பிழைப்பும் நடக்க வேண்டும், என் பிழைப்பும் அதே ஊரில்தான்.

கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். 2020இல் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குன்னத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தவன், இரண்டு வருடம் அங்கிருந்தே வேலை பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஒன்பதரை மணிக் கூட்டத்தில் உட்காருவேன். 2022 தொடக்கத்தில் அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். போக மனசு வரவில்லை. சுற்றிலும் பனியன் கம்பெனி, விசைத்தறி, மஞ்சள் மண்டி, கோழிப்பண்ணை, ரிக் வண்டி என்று இவ்வளவு தொழில் நடக்கும் சீமையில் தனியாக வேலை எடுத்துச் செய்தால் சோறு கிடைக்காதா என்று ஒரு தைரியம். மார்ச்சில் ராஜினாமா செய்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாசமானா சம்பளம் வர்ற வேலையை எவனாவது உடுவானா" என்று கேட்டதோடு சரி, அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மச்சான் ஒருவர் என்னை அந்தக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். அவர் அவர்களுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர். முதலாளி நல்ல மனிதர், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கட்டிங் டேபிளில் வேலை ஆரம்பித்து மேலே வந்தவர். இஞ்சி டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பழமை பேசினார். எந்தச் சாயப்பட்டறையில் எவ்வளவு துணி நிற்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. டீசியெல்லாம் பைண்டிங் புத்தகத்தில் இருந்தது, யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான்கு மாதத்தில் முடித்துத் தருகிறேன், 4,80,000 ரூபாய் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான்தான் தயங்கித் தயங்கி, "ஒரு அக்ரிமெண்ட் மாதிரி எழுதிக்கலாங்களாண்ணா" என்று கேட்டேன். மச்சான் என் தொடையில் தட்டினார். முதலாளி சிரித்துவிட்டு, "பேப்பரெல்லாம் எதுக்குங்க தம்பி, நம்ம ஊட்டுப் பையனாட்ட வந்திருக்கறீங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு போய்விட்டது. கேட்டதற்காக நான் வெட்கப்பட்டேன் என்பதுதான் கூத்து.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிரில் இருப்பவர் ஏமாற்றுவார் என்று நினைத்து எழுதி வாங்க வேண்டியதில்லை. பத்து மாதம் கழித்து, என்ன பேசினோம் என்பது இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக ஞாபகம் இருக்கும். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். அன்று இரவே ஒரு பக்கத்தில் என்னென்ன வேலை, எவ்வளவு பணம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு தர வேண்டும், இதில் சேராத வேலை எது என்று எழுதி, "இன்று பேசியபடி" என்று போட்டு மின்னஞ்சல் அனுப்பி, அவர்களிடமிருந்து "சரி" என்று ஒரு பதிலை வாங்கியிருந்தாலே போதும். மின்னஞ்சலே பார்க்காத முதலாளி என்றால் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அக்ரிமெண்ட் என்று சொன்னால்தான் ஆட்கள் மிரளுகிறார்கள். "ஒர்க் லிஸ்ட்டுங்கண்ணா, சரியா இருக்கானு பாருங்க" என்று நீட்டினால் யாரும் மிரளுவதில்லை. இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கக் கூடாது. ஒன்பது வருடம் யாருக்கோ என்னவோ எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, எழுதியது என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கிற வேலை. டயா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, துணி குழாய் மாதிரி வரும், அந்தக் குழாயின் அகலம். ஜிஎஸ்எம் என்றால் துணியின் கனம். 100 கிலோ நூல் போனால் 100 கிலோ துணி திரும்பி வராது. நிட்டிங்கில் கொஞ்சம், சாயத்தில் கொஞ்சம் குறையும், நிறத்தைப் பொறுத்து அதுவும் மாறும். அந்தக் குறைவை ப்ராசஸ் லாஸ் என்பார்கள். கம்பெனிக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் வரும் சண்டையெல்லாம் இந்த ஒரு கணக்கில்தான். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளிப் பட்டறையில் கூலிக்குச் செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அதை விற்றதாகவே எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி கேட்பார்கள். அதனால் பதினோராவது மாதத்தில் சிவப்பாக எச்சரிக்கை காட்டும்படி செய்தேன். அந்தத் திரையைப் பார்த்த அன்று முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏழு டன்னு வெளியே கெடக்குதுங்களா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறந்துபோன துணியெல்லாம் அந்த வாரமே திரும்பி வந்தது. அன்று நான் பஸ்ஸில் பெருமாநல்லூர் தாண்டும் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம்தான் "சின்ன மாற்றம்" தொடங்கியது. அக்டோபரில் ஸ்டாக்கும் டீசியும் ஓட ஆரம்பித்துவிட்டன. பேசிய வேலையில் முக்கால்வாசி முடிந்தது. அப்போது முதலாளியின் மைத்துனர் (அவரும் கம்பெனியில் பங்குதாரர்), டைலர்களுக்குச் சம்பளமும் இதிலேயே வந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றார். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. ஷிப்ட் கணக்கில் வேலை செய்பவர்கள் உண்டு, அதிலும் ஒன்றரை ஷிப்ட் உண்டு. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் உண்டு, ஒரே டீசர்ட்டில் ஓவர்லாக்குக்கு ஒரு ரேட், ஃபிளாட்லாக்குக்கு ஒரு ரேட். வாரத்தின் நடுவில் அட்வான்ஸ் வாங்குவார்கள். அதைக் கழிக்க வேண்டும். இதைச் சின்ன மாற்றம் என்று நம்பித் தலையாட்டியது என் தப்பு. இரண்டரை மாதம் பிடித்தது. பிறகு முதலாளி செல்போனில் பார்க்க ஒரு ஆப், பிறகு பட்டறைக்காரர்களுக்குத் தானாகப் போகும் வாட்ஸாப் செய்தி. ஒவ்வொரு தடவையும் "இதுக்குத் தனியா ஆகுங்கண்ணா" என்று சொல்ல வாய் வரை வரும், மென்று விழுங்கிவிடுவேன். பழைய கம்பெனியில் இதே மாதிரி வேலை வந்தால் மேனேஜர் ஒரு எஸ்டிமேட் அனுப்புவார், வாடிக்கையாளர் பேரம் பேசுவார், எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த மேனேஜரை எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! தனியாக வந்த பிறகு அந்த வேலையும் என்னுடையது என்பது உறைக்க நாளானது.

சம்பளப் பகுதியை எழுதும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர், என் கணக்கில் அந்த வாரம் அவருக்கு இரண்டு டஜன் குறைகிறது என்று வந்து நின்றார். நான் திரையைக் காட்டி, கணினி சரியாகத்தான் சொல்கிறது என்றேன். அவர் மடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தேதி, ஸ்டைல் நம்பர், எத்தனை டஜன், எல்லாம் பென்சிலில். வருடக்கணக்காக இப்படி எழுதி வைக்கிறாராம். தேடிப் பார்த்தால் தப்பு என்னுடையது, ஒரே நாளில் ஒரே ஸ்டைல் இரண்டு பண்டலாக வந்தால் ஒன்றைத்தான் என் நிரல் எண்ணியது. சரி செய்து கொடுத்தேன். நோட்டைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பணம் வந்த விதத்துக்கு வருகிறேன். ஜூன் 2022இல் ஒரு லட்சம், நவம்பரில் 75,000. மொத்தம் 1,75,000, அதிலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிப் பிடித்தம், கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். மார்ச் 2023இல் எல்லாம் முடிந்து முழுக் கம்பெனியும் அதில் ஓடியது. பாக்கி 3,05,000. சேர்த்துச் செய்த வேலைக்கு நான் விலையே சொல்லவில்லை என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கேட்டபோது முதலில், சரக்கு வாங்கும் பையரிடமிருந்து பணம் வரவில்லை என்றார்கள். பிறகு அக்கவுண்ட்ஸில் இருந்த புதிய ஆள், ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்லுக்குப் பணம் போட முடியாது என்றார். மூன்று வாரம் அதை நம்பிக்கொண்டு ஜிஎஸ்டி எடுக்க அலைந்தேன். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய கட்டாயமில்லை, பதிவில்லாதவர் என்று எழுதிச் சாதாரண பில் கொடுத்தால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் அவர்கள் ஆடிட்டரே சொன்னார். அப்புறம் "அடுத்த வாரம்". 17 தடவை நேரில் போனேன், குன்னத்தூரில் பஸ் ஏறி, திருப்பூர் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து. வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், டீ கொண்டு வருவார். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் எழுதிய திரையில் டீசி அச்சாகிக்கொண்டிருக்கும். கடன் கேட்டு வந்தவனைப் போல ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனாலும் முதலாளி கூப்பிட்டு, "பணம் எங்கீங்க தம்பி போயிரப்போகுது" என்றதும் தலையாட்டிவிட்டு, போகிற போக்கில் அவர்கள் சொன்ன இரண்டு கோளாறையும் சரி செய்துவிட்டு வருவேன்.

வீட்டில் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம் என்று இன்று நினைக்கிறேன். மனைவியின் செயினை சொசைட்டியில் வைத்து 1,20,000 வாங்கினேன், வேறு காரணம் சொல்லி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தோட்டத்தில் நடப்பேன். அம்மா, "வெசனப்படற மாதிரி இருக்குதே சாமி, ஒடம்பு சரியில்லையா" என்று கேட்பார். கம்ப்யூட்டர் வேலை, கண் எரியுது என்பேன். புது வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுக்கவே பயமாக இருந்தது, இன்னொரு தடவை ஏமாற வேண்டுமா என்று. அந்த வருடத்தில் இரண்டு நல்ல வேலைகளை இப்படியே விட்டேன். நஷ்டக் கணக்கில் அது வராது.

ஜூலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் போனபோது இன்னொரு அடி. பிடித்த டிடிஎஸ் 17,500 ரூபாய், நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இல்லவே இல்லை. பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டார்களோ என்று கொதித்துப் போனேன். பார்த்தால் என் பான் எண்ணில் ஒரு எழுத்தை மாற்றிப் பதிந்து, அது முன்பின் தெரியாத யார் கணக்கிலோ ஏறியிருந்தது. திருத்த அறிக்கை போட்டு என் பெயருக்கு வர நான்கு மாதமானது. தனியாக வேலை செய்பவர்கள் ஒவ்வொரு காலாண்டு முடிந்து இரண்டு மாதத்தில் ஒரு தடவை 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஜூலை கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள். இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிசம்பரில் செல்போன் மாற்றியபோது வாட்ஸாப் பேக்கப் எடுக்கவில்லை. முதல் ஆறு மாதப் பேச்சு, விலை பேசியதற்கு மறுநாள் முதலாளி அனுப்பிய "4.80 ஓகே தம்பி" உட்பட, எல்லாம் போயிற்று. ஊருக்கெல்லாம் பேக்கப் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற தொழில்!

இதற்கிடையில் சோர்ஸ் கோடை, அதாவது நான் எழுதிய நிரலின் மூல வரிகளை, ஒரு பென்டிரைவில் கேட்டார்கள், பாதுகாப்புக்காக என்று. கொடுத்துவிட்டேன். மே மாதம் ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணா, நீங்க எழுதுனதுல ப்ராசஸ் லாஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்குதுங்களே, அது என்ன பண்ணுதுங்கண்ணா?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மைத்துனர் அவனைக் குறைந்த சம்பளத்துக்குப் பிடித்திருக்கிறார். கோபப்பட்டு என்ன செய்வது, அரை மணி நேரம் அந்தக் கணக்கை விளக்கினேன். கடைசியில், உனக்கு எழுதி ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். "பார்த்துக்கலாம்னாங்கண்ணா" என்றான். நிரல் என்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது. மாதச் சம்பளத்துக்கு எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து ஒப்பந்த வேலையாக எழுதினால், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை எழுதியவருக்கு. பென்டிரைவைக் கையில் கொடுத்ததால் உரிமை மாறிவிடாது. ஆனால் கையில் இருந்த ஒரே பிடியை நானே கொடுத்துவிட்டேன். கடைசிப் பணம் வந்த பிறகே சோர்ஸ் கோடு என்று ஒர்க் லிஸ்ட்டிலேயே ஒரு வரி இருக்க வேண்டும்.

2023 ஆடிப் பதினெட்டு அன்று மனைவியின் அண்ணன் வீட்டுக்கு நோம்பிக்குப் போயிருந்தோம். ஒறம்பரை நிறைந்த வீட்டில் அவள் மஞ்சள் கயிற்றோடு நின்றாள். "செயின் எங்கே அம்மிணி" என்று யாரோ கேட்க, அவள் என்னைப் பார்க்காமலே, "பாலீசு போடக் குடுத்திருக்குதுங்க" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். கம்பெனியின் சர்வர் என் பெயரில், என் கார்டில் ஓடிக்கொண்டிருந்தது. மாதம் 3,200 ரூபாய், அதையும் நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்த ஒரு வரி போதும். அடித்து வைத்துவிட்டேன், என்டர் மட்டும் பாக்கி. அப்போதுதான் விடிந்தால் சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. 140 பேருக்குச் சம்பளச் சீட்டு அதிலிருந்துதான் அச்சாக வேண்டும். நோட்டு வைத்திருக்கும் அந்த அக்காவும் வரிசையில் நிற்பார். அடித்ததை அழித்துவிட்டுப் படுத்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, அந்த அக்கா முகம் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு வக்கீலிடம் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்வர் என் பெயரில் இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் தரவை அவர்கள் தொட முடியாமல் செய்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் என் மேலேயே வழக்குப் போட முடியும், மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் உண்டு என்றார். பணம் வர வேண்டியவன் குற்றவாளியாகி நின்றிருப்பேன். முதல் நாளிலிருந்தே சர்வரும் டொமைனும் வாடிக்கையாளர் பெயரில், அவர் கார்டில் இருக்கட்டும். பணம் நின்றால் எத்தனை நாள் அறிவிப்புக் கொடுத்து சேவையை நிறுத்தலாம் என்பது முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங் மாமா, ஆடிட்டர்கிட்டப் போனீங்களா?" போகவில்லை. திங்கட்கிழமை கோபிக்குப் போனோம். ஆடிட்டர் முதலில் கேட்டது உத்யம் பதிவு இருக்கிறதா என்று. சிறு தொழில் செய்பவர், தனி ஆளாக இருந்தாலும், மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரும் பானும் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. அப்போது சமாதான் என்ற அரசுத் தளத்தில் புகார் கொடுத்தால், இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும், கோயம்புத்தூரில் இருந்த வசதியாக்கக் குழுவுக்குப் போகும். கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. அடுத்த வரியில் அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது என்றார். ராஜினாமா கொடுத்த வாரமே பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை. அதையும் ஒழுங்காகச் செய்தேனா என்றால் இல்லை. வீட்டுக்கு வந்து தேடியபோது முதலில் வந்த, அரசுத் தளம் போலவே இருந்த ஒன்றில் 2,500 ரூபாய் கட்டிவிட்டேன். அது தனியார் ஏஜெண்ட். அரசுத் தள முகவரி டாட் கவ் டாட் இன் என்று முடியும். பணம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அக்டோபரில் போயிற்று, 5,000 ரூபாய் செலவு. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வங்கி வழியாக வந்த இரண்டு தவணை, மீதி இருந்த வாட்ஸாப் செய்திகள், கம்பெனி தினமும் அதைப் பயன்படுத்துவதற்கான பதிவுகள் எல்லாம் சேர்ந்தால் ஆதாரம்தான் என்றார் அவர். பொதுவாக இப்படிப்பட்ட பணத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இடையில் அவர்கள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக எண்ணிக்கொள்ளலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். நோட்டீஸ் கிடைத்த அன்றே முதலாளி கூப்பிட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "நோட்டீசு உட்டுப்போட்டீங்களே தம்பி, நேர்ல வந்து கேட்டிருக்கக் கூடாதுங்களா?" 17 தடவை வந்தேன் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை. மச்சான் அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் மகள் சீருக்கு அழைப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது, ஆனால் கொண்டு வந்தவர் அவர் இல்லை. உறவுக்காரர் மூலமாக வேலை எடுப்பவர்கள் இந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நவம்பரில் என் ஆடிட்டரோடு முதலாளியிடம் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் எவ்வளவு வேலை செய்தேன் என்பது முதலாளிக்குத் தெரியவே தெரியாது. சம்பளப் பகுதியும் ஆப்பும் முதலில் பேசியதிலேயே அடக்கம் என்று நினைத்திருக்கிறார். இத்தனை நாளும் பணம் தராததற்கு, "நாலு மாசம்னு சொல்லிப் பத்து மாசம் இழுத்தீங்களே" என்ற மனத்தாங்கலும் ஒரு காரணம். அவர் பக்கமும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக டிக் போட்டு, 2,10,000க்கு முடித்துக்கொள்வதாக இருவரும் கையெழுத்துப் போட்டோம். 95,000 விட்டுக் கொடுத்தேன். ஆடிட்டர் சொன்னபடி, எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டு ஜனவரி 8 தேதியிட்டு, உத்யம் எண்ணோடு புதுப் பில் கொடுத்தேன். முப்பது நாளில் பணம் என்று எழுதியிருந்தது. முப்பது நாளும் போயிற்று.

மார்ச் மாதம் விசித்திரமாக ஒரு அழைப்பு. அவர்களுடைய ஆடிட்டர் ஆபீசிலிருந்து, "சார், உங்க உத்யம் சர்ட்டிபிகேட் அனுப்ப முடியுங்களா?" அந்த நிதியாண்டிலிருந்துதான் வருமான வரியில் 43பி(எச்) என்ற பிரிவு வந்திருந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31ஐயும் தாண்டினால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். அந்த மாதம் திருப்பூர் முழுக்க இதே பேச்சு, நூல் கடையிலிருந்து அட்டைப்பெட்டிக்காரர் வரை எல்லோரிடமும் சர்ட்டிபிகேட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச் 28, வியாழக்கிழமை, டிடிஎஸ் 21,000 போக 1,89,000 ரூபாய் கணக்கில் ஏறியது. என் 17 நடையும் நோட்டீஸும் சாதிக்காததை ஒரு வரிப் பிரிவு செய்துவிட்டது. மறுவாரமே செயினைத் திருப்பினேன். விட்டுக் கொடுத்தது 95,000, பதினெட்டு மாத சர்வர் வாடகை 57,600, நோட்டீஸ் 5,000, போலித் தளத்துக்கு 2,500. கூட்டினால் 1,60,100 ரூபாய். நகைக்கடன் வட்டி தனி.

அந்தப் பையன் இப்போதும் கூப்பிடுவான். அவனுக்கு ஒரு ஒர்க் லிஸ்ட் மாதிரி அனுப்பினேன், மூன்று வரி வெட்டிவிட்டு மீதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம். முதலாளியும் விரோதம் வைத்துக்கொள்ளவில்லை. சர்வர் இப்போது அவர் கார்டில் ஓடுகிறது, தீபாவளிக்கு இரண்டு செட் டீசர்ட் அனுப்பினார். அவர் சொல்லித்தான் கரூரில் ஒரு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக் கம்பெனியின் வேலை வந்தது. முன்பணம் 40 சதவீதம், மீதி மூன்று கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னென்ன ஓட வேண்டும் என்று எழுதி வாங்கினேன். கேட்கும்போது இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது, ஆனால் கேட்டுவிடுகிறேன்.

அந்த வேலையின் முதல் கட்டம் முடிந்தபோது திருப்பூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் டீசி புத்தகம் ஒன்று வாங்கினேன். மூன்று நிறத் தாள், நடுவில் கார்பன். விவரம் என்ற இடத்தில் "நூல் இருப்பு, தறி ஜாப் ஒர்க் பகுதி, கட்டம் 1" என்று எழுதி, எண்ணிக்கை 1 என்று போட்டு, கரூர் முதலாளியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். "எடைங்கற எடத்துல ஒண்ணும் போடலீங்களே தம்பி" என்றார். நான் பேனாவை வாங்கி அங்கே ஒரு கோடு போட்டேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மேல் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.